பதினொரு மனுக்கள்

அன்புள்ள அண்ணா,

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் எங்கள் அரசுப் பள்ளியில் பதினொரு பெற்றோர் டி.சி. கேட்டு மனு கொடுத்தார்கள். பதினொன்றும் ஒரே கையெழுத்து. இத்தனை பிள்ளைகள் போனால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

அவர்களில் ஒருத்தியான சுகுணாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். மகள் இரண்டாம் வகுப்பு.

"ஸ்கூல மூடப் போறாங்க, முந்திக்கினாதான் வேற எடத்துல சீட்டு கெடைக்கும்னு ஒரு சார் சொன்னாரு டீச்சர். அவரே எழுதியும் குடுத்தாரு."

"உனக்குச் சம்மதமா?"

"இன்னா டீச்சர் இப்டி கேக்குறீங்க? நான் ஆறு மணிக்கே பஸ் ஏறிடுறேன். இங்க டிபன் போடுறதாலதான் எம்பொண்ணு பட்டினி இல்லாம கீது. மழைக்கு வூட்டுல தண்ணி பூந்தா எங்க தெருவே வந்து தங்குறது இந்த ஸ்கூல் மாடிலதான்."

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதில் என் நோட்டு அட்டைகளில் பெயர் எழுதித் தந்த கையெழுத்து அது. பள்ளிச் சுவரை ஒட்டி உன் மனை இருக்கிறது. போன மாதம் இரண்டு பேர் டேப் பிடித்து எங்கள் மைதானத்தையும் சேர்த்து அளந்தார்கள். அப்போதும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று வீடு வீடாகப் போய், பள்ளியை மூடும் உத்தரவு எதுவும் இல்லை என்றேன். ஒன்பது பேர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேர் என்னை உள்ளே கூப்பிடவே இல்லை. "அந்த சார் உங்க அண்ணனாமே டீச்சர். நீங்களும் கூட்டா?" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்கு வந்து நீயே சொல்லிவிடு. வராவிட்டால் நான் சொல்வேன்.

உன் தங்கை