தனியாகக் கேட்காத ஹார்ன்

ஞாயிறு.

இன்று ஏனாத்தூர் ஹாலில் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை. சென்னைக் கடைக்காரர் இரண்டு பிரெஞ்சு ஹார்ன்களை, சுருள் குழாயாய் இருக்கும் பித்தளை வாத்தியங்களை, ஊதிப் பார்க்கக் கொடுத்திருந்தார். ஒன்றின் வாய், அதாவது சத்தம் வெளிவரும் புனல் முனை, குறுகல், மற்றதன் வாய் அகலம். எனக்குக் குறுகலானதுதான் பிடித்திருந்தது. அதன் சத்தம் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஹார்னின் வாய்க்குள் ஒரு கையை விட்டுக்கொண்டுதான் ஊத வேண்டும்; அந்த வாய் பின்பக்கம் பார்ப்பதால் ஊதுகிறவளின் காதை நம்ப முடியாது. அதற்காகத் தங்கை மாலாவைக் கூட்டிப்போயிருந்தேன். பட்டுக்கடையில் வேலை செய்கிறவள். எந்தப் புடவையையும் தள்ளி நின்று பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டாள்.

"நீ ஊதுக்கா, நான் கடேசில நின்னுக்கினு கேக்கறேன்."

எல்லோரும் சேர்ந்து ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்தோம்; நான் முதலில் குறுகலான ஹார்னிலும் பிறகு அகலமானதிலும் ஊதினேன்.

"மொதல்ல ஒன் சத்தம் மட்டும் தனியா வந்துது. ரெண்டாவதுல நீ எங்க ஊதுனன்னே தெரியலக்கா. ஆனா வயலின் சத்தம்லாம் நல்லா ரொம்பி வந்துது."

அகலமானதையே எடுத்துக்கொண்டேன். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அதுதான் சரி; தனியாகத் தெரியாமல் மற்ற சத்தங்களை நிரப்புவதுதான் அங்கே ஹார்னின் வேலை. வருத்தம் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் மாலா கேட்டாள்: "கச்சேரில ஒன் சத்தம் எதுன்னு அம்மாக்கு எப்படிக்கா காட்டறது?"

ஹார்னின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளைக் காட்டு என்றேன்.