அம்மாவுக்குச் சினைப்பை, அக்காவுக்குக் குழாய்

வண்டிப்பெரியார்
12.1.2025

என் தங்கம் ஜீவிதாவுக்கு,

அப்பா பேச்சை மீறி இன்னாசிராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து பதினொரு வருடம். என் போனை உங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

எனக்குக் கருக்குழாயில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். சினைப்பைப் புற்றில் போன அம்மாவைச் சொன்னேன். மரபணு சோதனையில் எனக்குக் கோளாறு தெரிந்தது. உனக்கும் இருக்கலாம் கண்ணு. உடனே சோதித்துப் பார்.

அக்கா வனிதா

கொழிஞ்சாம்பாறை
27.1.2025

அக்கா,

படித்துவிட்டு அழுதேன். கோபம் மட்டும் போகவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வந்தது சினைப்பையில், உனக்குக் குழாயில். இரண்டும் வேறல்லவா? எனக்கு ஒரு வலியும் இல்லை.

ஜீவிதா

வண்டிப்பெரியார்
9.2.2025

ஜீவிதா கண்ணு,

நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். "குழாயோட நுனி சினைப்பைமேலதானே கிடக்குது?" என்றார். சினைப்பைப் புற்று என்று சொல்வதில் பல, அந்த நுனியில் தொடங்கிப் பரவியவையாம். மருந்தும் ஒன்றுதான். எனக்கு வெள்ளைப்படுவதுபோல் நீராக வடிந்தது, பயந்துபோய்ச் சீக்கிரம் காட்டினேன். அம்மா வயிறு உப்பும்வரை வாயு என்றே நினைத்திருந்தாள். வலி வரட்டும் என்று காத்திராதே.

அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் வந்தேன். அப்பா கேட்டைத் திறக்கவில்லை.

வனிதா

கொழிஞ்சாம்பாறை
20.6.2025

என் உயிர் அக்காவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் அதே கோளாறு. இரண்டு பிள்ளைகள் போதும் என்று குழாய், சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது. வலது குழாயின் நுனியில், கண்ணுக்கே தெரியாத அளவில் ஆரம்பித்திருந்ததாம். எங்கும் பரவவில்லை. கீமோகூட வேண்டாம் அக்கா! சினைப்பை போனதால் திடீர் திடீரென்று உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது, கொட்டட்டும்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஏனுங்கப்பா, நெசமுங்களா?"

"நெசந்தான் கண்ணு. ஆரு வந்ததுன்னு உங்கம்மா உள்ளயிருந்து கேட்டா. பால்காரன்னு சொல்லிப்போட்டேன்."

கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "வண்டிப்பெரியாருக்கு எந்த பஸ்ஸுல போவோணும்?" என்றார். 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

உன் ஜீவி

வண்டிப்பெரியார்
24.6.2025

ஜீவி,

ஜெயித்துவிட்டோமடி! என் ஸ்கேனும் சுத்தம். அப்பாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, முன் சீட்டில் உட்கார வை. கடிதம் கிடைத்ததும் போன் செய், இனி எழுத எனக்குப் பொறுமையில்லை. முடி இப்போதுதான் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அடையாளம் தெரியாமல் தேடாதீர்கள். கிராப்புத் தலையோடு எல்லாரையும்விடச் சத்தமாகக் கூப்பிடுகிறவள் நான்தான்.

அக்கா