வாயால் சொல்வதாகச் சொன்னேன்

இன்று காலை கம்பெனி கேட்டில் பழைய போன் ரேக்கைக் கழற்றி ஸ்கிராப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எழுபத்துநாலு உன்னுடையது. அடையாளத்துக்கு நீ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு இன்னும் உரியாமல் இருந்தது. நின்றுவிட்டேன். "இன்னா மேடம், வேடிக்க பாத்துகினு கீறீங்க? பஞ்ச் பண்ணிட்டு உள்ள போங்க" என்று செக்யூரிட்டி விரட்டினார். போனேன். ஆனால் நாள் முழுக்க லைனில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அந்தக் கோபம் அவர்கள் மேல் இல்லை. உன் மேலும் இல்லை. சரி, கொஞ்சம் உன் மேலும்தான்.

ஊரடங்கு தளர்ந்து கம்பெனி திறந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? கார்களுக்கு வயர் கட்டும் நம் லைனுக்கு நான் லீடர். நீ போர்டில் வயர் அடுக்குகிறவள். ஒரே வயது, ஒரே பஸ். நான் வடக்குப்பட்டிலேயே பிறந்தவள், நீ சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியவள். எச்.ஆர். அதிகாரி லீடர்களை மட்டும் கூப்பிட்டு, கம்பெனி புதிதாக வாங்கிய ஆப்பை எல்லோர் போனிலும் ஏற்றவேண்டும் என்றார். தொற்று வந்தவருடைய போன் பக்கத்தில் நம் போன் இருந்திருந்தால் புளூடூத் வழியாக அது கண்டுபிடித்துச் சிவப்பு காட்டுமாம். இல்லையென்றால் பச்சை. பச்சை காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

யாருக்கும் இஷ்டமில்லை. ஒருத்தி போனில் இடமில்லை என்றாள். ஒருவர் பட்டன் போனை எடுத்துக் காட்டிச் சிரித்தார். பென்னலூரிலிருந்து வரும் அக்கா, "நா எங்க போறேன், யாராண்ட பேசறேன்னு இவனுங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று நேராகவே கேட்டார். கெஞ்சியும் மிரட்டியும் நச்சரித்தும், பட்டன் போன்காரரைப் பழைய டச் போன் ஒன்று வாங்க வைத்தும், எல்லோர் போனிலும் ஏற்ற வைத்தேன். லீடர் இல்லையா! கடைசியில் நீ ஒருத்திதான் மிச்சம்.

"மாட்டேம்ட்டி" என்றாய் கேன்டீனில். "செவப்பு காட்டிச்சுன்னா வீட்டுக்காரி எங்க அஞ்சு பேரு சாமானையும் தெருவுல வச்சிருவா. நீயா எடம் தருவ?"

"உனக்கு வீசிங் கீதுடி. மத்தவங்களவிட உனக்குத்தான் இது வேணும்."

நீ சாப்பாட்டில் கையை நிறுத்தினாய். "வீசிங் இருக்கதுனாலதான் சொல்லுதேன். எனக்கு வந்துட்டுன்னா தாங்காது. சரி, ஏத்திக்கிடுதேன். ஆனா நம்ம லைன்ல யாருக்காச்சும் வந்தா, நீ உன் வாயால எங்கிட்ட சொல்லிரணும். அந்த மெஷின் சொல்லுததெல்லாம் எனக்கு வேண்டாம்."

"சொல்றேண்டி. எம்மேல சத்தியமா" என்றேன்.

உன் போனிலும் இடமில்லை. உங்கள் ஊர்க் கோயில் கொடை வீடியோவை நானே அழித்துவிட்டு ஆப்பை ஏற்றினேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாய்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கேமரா இருப்பதால் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கம்பெனி திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். கேட்டில் பச்சையைக் காட்டுவோம், நெற்றியில் சூடு பார்ப்பார்கள், போனை ரேக்கில் செருகிவிட்டு உள்ளே போவோம். ஷிப்ட் முழுக்கப் போன்கள் கேட்டில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாம் உள்ளே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். இது அந்த ஆப்பைச் செய்தவனுக்கும் உறைக்கவில்லை, வாங்கியவனுக்கும் உறைக்கவில்லை. ஊரெல்லாம் நச்சரித்து ஏற்றவைத்த எனக்கும்தான்.

ஸ்டோர்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொற்று வந்தபோது கூத்து வெளியே வந்தது. அவள் போன் இருந்த வரிசை முழுக்கச் சிவப்பு. அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத கேன்டீன் பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழியின் போன் வேறு மூலையில் இருந்ததால் அவளுக்குப் பச்சை! நீ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, இன்ஹேலரை எடுக்கவேண்டியதாயிற்று. "போனுக்குல்லாட்டி தொத்தியிருக்கு! அதுகளக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில படுக்கப் போடச் சொல்லு" என்றாய். மறுநாளிலிருந்து எல்லோரும் பச்சையைக் காட்டிவிட்டு, புளூடூத்தை அணைத்துத்தான் ரேக்கில் வைத்தோம். நானும் அணைத்தேன்.

அதிகாரியிடம் போய்ச் சொல்லாமலும் இல்லை. "சார், ஆம்பளைங்க ரேக் தனி, பொம்பளைங்க ரேக் தனி. லைன்ல எதிரும் புதிருமா நிக்கறவங்க போன் ரெண்டும் ஒரு நாளும் பக்கத்துல வராது சார்" என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேல கேட்டா ரிப்போர்ட் காட்டணும்மா. ரிப்போர்ட் பச்சையா இருக்கு. விடு" என்றார். விட்டேன்.

போர்டில் உனக்கு எதிரே நின்று டேப் சுற்றுகிறவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டேப் சுற்றுகிறவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டதாம். "லைன்ல யாருக்கும் சொல்லாத. நாளைக்கு லோடு ஏறணும். பயந்துபோய் எல்லாரும் லீவு போட்டா லைன் நின்னுடும். யாருக்கும் சிவப்பு காட்டலல்ல? அப்ப பிரச்சன இல்ல."

டீ நேரத்தில் நீ நேராக என்னிடம் வந்தாய்.

"எதுத்தாப்ல நிக்கவரு எங்கட்டி? அவருக்கு அதுவா?"

"ஊர்ல ஏதோ விசேஷமாம்" என்றேன். வாய் கூசவே இல்லை. "உன் ஆப்புல பச்சதானே காட்டுது? அப்புறம் இன்னா?"

"ஆப்பு கெடக்கு ஆப்பு. நீ சொல்லுதேல்லா, அது போதும்" என்றாய். டீயைக் குடித்துவிட்டுப் போர்டுக்குப் போனாய்.

அன்று சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்பே உனக்கு ஒட்டியிருக்கலாம். ஆனால் தொண்டை கரகரத்ததும் அது எதுவென்று உனக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய். தெரியாததால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு நாள் வேலைக்கு வந்தாய். ஐந்தாம் நாள் நீ மூச்சுவிட முடியாமல் தவிக்க, ரூம் பெண்கள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அப்புறம் உன்னை நான் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்க விடவில்லை. வீட்டுக்காரம்மா நீ சொன்னபடியே அத்தனை பேர் சாமானையும் தெருவில் வைத்தார்.

அந்த அதிகாரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆப்பை ஒருநாள் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். ஏன் ஏற்றினோம், ஏன் எடுத்தோம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஆப் போட மாட்டேன் என்கிறார்கள் என்று அப்போது எத்தனை பேச்சு! என்ன விழிப்புணர்வு, மண்ணாங்கட்டி. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஆப்பே தேவையில்லை. உன் மேல் எனக்கு ஏன் கோபம் தெரியுமா? அத்தனை பேரையும் சந்தேகப்படத் தெரிந்தவள், என்னை மட்டும் ஏனடி நம்பித் தொலைத்தாய்?

போன மாதம் லைனில் ஒருத்திக்கு அம்மை போட்டது. யாருக்கும் சொல்லவேண்டாம் என்று புது அதிகாரி சொன்னார். நான் அவளிடம் கேட்டுக்கொண்டு, ஷிப்ட் தொடங்கும்போதே எல்லோரையும் நிறுத்தி அவள் பேரைச் சொல்லிச் சொன்னேன். கைக்குழந்தை வீட்டில் இருப்பவர்கள் அன்றே லீவு போட்டார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். கொடுக்கட்டும். "உங்களுக்கு இன்னாத்துக்குக்கா இந்த வேண்டாத வேல?" என்று கேட்கிறார்கள்.

நான் ஏதோ திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன் அம்மா அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறார். நீ இருந்தபோது எப்படிப் பேசுவாரோ அப்படியேதான், சாப்பிட்டியா, வேலை எப்படி என்று. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கூட நின்னவருக்கு அந்தச் சீக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீ எம் பிள்ளட்ட சொல்லாமலா இருந்திருப்ப தாயி?"

"ஆமாம்மா, சொல்லியிருப்பேன்" என்றேன்.