இடப்பக்கம்

தெரணியகலை,
22.02.2004

அன்பு மகள் துஷ்யந்திக்கு, அப்பா இருளப்பன் தன் கையாலேயே எழுதுவது. குவைத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பளீலா டீச்சர் பின்னேரங்களில் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் படிப்புச் சொல்லித் தருகிறார். உன் பெயரை முதன்முதலில் எழுதிய அன்று லயத்து வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். "இனி தொரைக்கே பெட்டிசம் போடுவீங்க போல" என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மா கேலி பண்ணினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இதுவரை நான் சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரர்தான் எழுதினார். இந்தக் கடிதத்தை அவரை வைத்து எழுத முடியாது.

போன ஞாயிறு தோட்டப் பிரிவுகளின் பந்தாட்டத்தில் நம் பிரிவு தோற்றது. கோல் காத்தவர் மாப்பிள்ளை. இடப்பக்கமிருந்து வந்த பந்துக்கு அவர் அசையவே இல்லை. அடித்தது கீழ்ப்பிரிவுக்கு ஆடும் அவர் அண்ணன். "அண்ணனுக்கு வெட்கமில்லாம விட்டுக்குடுத்துட்டான்" என்று ஊரே பேசுகிறது. உன் காதுக்கும் வரும். நம்பாதே.

நஜீப் மாஸ்டர் அவரை றப்பர் மரங்களுக்கு நடுவே நிறுத்தித்தான் பழக்குவார். எதிர் மரத்தில் தொங்கும் பால் சிரட்டையை விட்டுப் பார்வை விலகக்கூடாது. தலை திருப்பாமல், இரண்டு ஓரத்திலிருந்தும் வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை ஒன்றுகூட விடமாட்டார். "இவனுக்குக் காதுலயும் கண்ணு" என்று மாஸ்டர் மெச்சினார். அது உண்மைதான், மகள். இது இலை கொட்டும் காலம். எறிபவன் கால் வைத்ததும் காய்ந்த இலை சத்தம் போடும். ஆட்டத்தன்று சனங்களின் கூச்சலில் அந்தச் சத்தம் ஏது?

அன்று இரவு அவருக்கு இடப்பக்கம் வைத்த தேத்தண்ணியைத் தட்டிவிட்டார். நான் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் நின்று, கண் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டேன். அழுதுவிட்டார். "மாமா, யாருகிட்டயும் வாயத் தொறந்துறாதீங்க. கண்ணு தெரியலன்னா றப்பர் பால் வெட்ட விடமாட்டாங்க. அவ வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவா. கள்ளன்னே சொல்லிட்டுப் போறானுக" என்றார். ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுகிறார். வலக்கண்ணும் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் லாபிர் நானா கடைக்குப் போன் எடுத்து அவரைக் கூப்பிடு. நீ சொன்னால்தான் கேட்பார். இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். அவருக்கு இடப்பக்கமாக நடப்பேன்.

'வா' என்று எழுத எனக்குத் தெரியும், மகள். எழுதவில்லை.

அம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும். டாக்டர் சொல்வது எதுவானாலும், மறைக்காமல் அடுத்த கிழமை இந்தக் கோணல் கையாலேயே எழுதுவேன்.

உன் அப்பா,
இருளப்பன்