உங்கள் பி.பி. எண்

அக்கா,

நேற்று வீட்டு ரவுட்டரை மாற்றினேன். பழையதற்கு வேகம் போதவில்லை என்று மகள் ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புதியதை வைக்க அலமாரியின் மேல்தட்டை ஒழித்தபோது, அந்தப் பழைய மோடம் கையில் சிக்கியது. நீங்கள் ‘பொட்டி’ என்று சொல்வீர்களே, அதுதான். மஞ்சளாகப் பழுத்த பிளாஸ்டிக், மேலே பல்லி எச்சம், சூடேறிய வயரின் வாடை இன்னும் விடாமல். தொட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். அருவருப்பு போகவில்லை. அது மோடத்தின் மேல் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு நமக்கு. உங்களுக்கு மில்லில் வேலை, எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில். போன் என் வீட்டில் மட்டும்தான். சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி அருகில் பி.பி. என்று போட்டுக் கொடுத்த காலம். உங்கள் பி.பி. எண் என்னுடையது. காரமடையிலிருந்து உங்கள் தம்பி கூப்பிடுவார். நான் சுவர்ப்பக்கம் ஒரு குரல் கொடுத்தால் மாவுக் கையோடு ஓடி வந்து, ரிசீவரை இரண்டு விரலால் பிடித்துப் பேசுவீர்கள். போகும்போது, “தொந்தரவு குடுத்துப்போட்டேன் கண்ணு” என்பீர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவனுக்கு அந்தக் ‘கண்ணு’ புதிது. அதற்காகவே உங்களுக்குப் போன் வரட்டும் என்று இருக்கும்.

பிறகு நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். முதல் மோடம் வாலை மிதித்த பூனை மாதிரி கத்திவிட்டுத்தான் இணைப்பைக் கொடுக்கும். ஒரு பக்கம் திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். போன் வயரிலேயே இணையமும் வந்ததால், நான் உள்ளே இருக்கும் வரை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது.

“அந்தப் பொட்டி என்ன கண்ணு பண்ணுது?” என்று ஒருநாள் கேட்டீர்கள்.

“படமெல்லாம் கொண்டு வருது அக்கா,” என்றேன். அதுவரை போன் வராது என்பதைச் சொல்லவில்லை.

காந்திபுரத்தில் வேகமான மோடம் ஒன்று வாங்கி மாட்டினேன். சீக்கிரம் முடிந்தால் போனையும் சீக்கிரம் விட்டுவிடலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம். நடந்ததோ வேறு. ஒரு படம் சீக்கிரம் வந்தது, அதனால் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன்.

அந்த ஞாயிறு பதினொரு மணி இருக்கும். வாசலில் நின்று கேட்டீர்கள்.

“தம்பிக்கு நேத்திருந்து மேலுக்குச் செரியில்லீனு சொன்னாங்க கண்ணு. போன் ஏதாச்சும் வந்துச்சா?”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வந்தா கூப்பிடுறேன் அக்கா,” என்றேன். திரையில் ஒரு கார், சிவப்பு நிறம், மேலிருந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வாங்கப்போகிற கார் இல்லை, நேரில் பார்க்கப்போகிற காரும் இல்லை. சக்கரம் வரும் வரை இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. நீங்கள் திரும்பிப் போய் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். என் வீட்டுப் போன் அடித்தால் கேட்கும் இடம் அது.

மூன்று மணிக்குக் காரமடையிலிருந்து உங்கள் சித்தப்பா மகன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். “காலைல இருந்து போட்டுட்டே இருக்கறோமுங்க. எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வருதுங்க. அக்கா எங்கேன்னு கேட்டுட்டே இருந்தான். ஒரு மணிக்குப் போயிட்டானுங்க.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி பார்த்தீர்கள். நான் வாய் கூசாமல் சொன்னேன்: “லைன் கெட்டுப்போச்சு அக்கா. காலையிலிருந்தே.”

கெட்ட லைனில் எங்கேஜ்டு எப்படி வரும் என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கட்டியிருந்த சேலையோடு கிளம்பிப் போனீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பிய பின் ஒருநாள் வாசலில் நின்று சொன்னீர்கள்: “இனி எங்களுக்கு உங்க ஊட்டுக்குப் போன் வராதுங்க சார். கடைவீதி பூத் நம்பரைக் குடுத்துப்போட்டேனுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்.”

கண்ணு போய் சார் வந்திருந்தது. உங்கள் ஊரில் மரியாதை கூடினால் கதவு சாத்துகிறார்கள் என்று அர்த்தம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டில் இருந்த ஐந்து வருடமும் நான் சார்தான். போன வருடம் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேள்விப்பட்டபோதும், வந்து முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

நேற்று புது ரவுட்டர் மாட்ட வந்தவர் பழைய போனையும் அதிலேயே சொருகிக் கொடுத்தார். “இனிமே நெட்டு ஓடினாலும் போன் வருமுங்க சார். லைன் மாட்டிக்காதுங்க,” என்று பெருமையாகச் சொன்னார். அவர் போன பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். டயல் டோன் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கும் லைன் நன்றாகத்தான் இருந்தது, அக்கா.