நானூறு வருடப் பள்ளியும் எதிர் ரொட்டிக்கடையும்

அன்பு மகன் டில்மனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அவர் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனகுகிறது. நீயும் மருமகள் எல்கேயும் அங்கே சுகம்தானே, சிட்னி வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. நம் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவில் அப்பா தான் எழுதிய வரலாற்றை வாசிக்கப்போகிறார் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. பிரபுக்கள், போர்கள், கூரையில் விழுந்த குண்டு, ஒன்றையும் விடவில்லை. எனக்குத்தான் மனத்தாங்கல். அதுவரை பையன்கள் மட்டுமே படித்த அங்கே முதன்முதலில் சேர்ந்த ஆறு பெண்களில் நானும் ஒருத்தி, எங்களுக்கு அவர் ஒதுக்கியது ஒரே வரி.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகள் ஆசிரியர்களைப் படாதபாடு படுத்தும் நாள் வந்தது. உன் வருடத்தில் தலைமையாசிரியர் காரைச் செய்தித்தாளால் பொதிந்தீர்களே, அதே கூத்துதான். இந்தத் தடவை வாசலை நாற்காலிகளால் அடைத்து, பள்ளி வரலாற்றில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அங்கே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவையும் அழைத்திருந்தார்கள், மாப்பிள்ளை மாதிரி டை கட்டிக்கொண்டு போனார், நானும் கூடவே போனேன். தபால்காரர் மகள் ஃப்ரீடரிக்கே கேட்டாள், "சார், முதல் வருஷம் பொண்ணுங்க இடைவேளைல எதிர்க்க இருக்கற ரொட்டிக்கடைக்கு ஏன் ஓடுனாங்க?" பசிக்குத்தான் என்றார். தப்பு என்று ஊதல் ஊதி, காகிதத் தொப்பி மாட்டிப் படியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆண்களுக்கென்றே கட்டிய பள்ளியில் எங்களுக்குக் கழிப்பறை ஏது? கடைக்கார அம்மாள் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டதோடு ஆளுக்கொரு சூடான இனிப்பு ரொட்டியும் கொடுப்பாள். அதனால் அவசரமில்லாத நாளிலும் ஓடினோம், பையன்கள் பொறாமையில் வெந்தார்கள். போன மாதம் ஃப்ரீடரிக்கே என்னிடம் கேட்டாள், சொன்னேன். வேறு ஊரிலிருந்து வந்த உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இத்தனை வருஷமா ஏன் சொல்லவே இல்ல?" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே" என்றேன். தொப்பியைக் கழற்றாமலே பேனாவை எடுத்தார். மதியம்வரை நான் சொல்லச் சொல்ல எழுதினார், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, மனிதர் எங்கள் கல்யாண நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் இரண்டு பிரபுக்களை வெட்டிவிட்டு எங்கள் கதையை வாசித்தார். ஒருவரும் தூங்கவில்லை. கடைசியில் எங்கள் ஆறு பேரின் பெயரையும் சொன்னார், என்னைக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் அழைத்தார். மண்டபமே நம் ஊர் வழக்கப்படி கைதட்டலுக்குப் பதில் மேசையைத் தட்டியது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. எல்கே சின்ன வயதில் எங்கே ஓடினாள் என்று இன்றைக்கே அவளிடம் கேள், குறுக்கே பேசாதே.

என்றும் உன் அம்மா,
ரோஸ்விதா