பாப்பாவுக்கென்று இணைத்த பஞ்சு

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

தனுஷிகாவின் அன்பான அப்பாவுக்கு பிரேமினி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை.

போன் பண்ணினால் கட் பண்ணிவிடுகிறீர்கள். நாம் போர்வை தைத்துக் கொடுக்கும் முஹ்ஸின் நானா, கடைக்குத் துணி எடுக்க நாளைக் காலை கொழும்பு வருகிறார். உங்கள் கையிலேயே இதைத் தருவதாகச் சொன்னார். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

பாப்பாவுக்கு நிமோனியா திரும்பிவிட்டது. நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், புதன்கிழமை ஒப்பரேஷன். தங்கச்சி நிஷாந்தியைப் பக்கத்தில் விட்டுவிட்டு, உடுப்பு எடுக்கத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த இடத்தில் எழுதுகிறேன். இப்போதெல்லாம் ஊசி போட்டால்கூடப் பிள்ளை அழுவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பஞ்சு முழுக்கக் கால்பக்கம் உருண்டு கிடந்தது, நெஞ்சுப்பக்கம் வெறும் துணி. யார் தைத்தது என்று கேட்டதும் நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். லயத்துச் சனமே உங்களைக் குறை பேசியது, உங்கள் அம்மாவும்தான். "எம் புள்ளைக்கு நானே எமனாயிட்டேன்" என்று சொல்லி மூன்றாம் நாள் கொழும்புக்குப் போய்விட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் தையல் விடவில்லைங்க. நானா கடையில் மிஞ்சிய பஞ்சுத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரம் வைத்து, நூலை இறுக்காமல் அகலத் தையல் போட்டு ஒரே விரிப்பாக்கினீர்கள். "இது பாப்பாவுக்கு, தொட்டுறாத" என்றும் சொன்னீர்கள். அன்றைக்குக் கடைப் போர்வை கொடுக்க வேண்டிய நாள். அதற்கான துண்டுகளை நான் இணைக்கவே இல்லை. அவசரத்துக்குப் பாப்பாவுடைய விரிப்பை எடுத்துக் கடைப் போர்வைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பாப்பாவின் போர்வைக்குள் அந்த இணைக்காத துண்டுகளைச் சும்மா பரப்பி மூடினேன். ஞாயிற்றுக்கிழமை பிரித்துச் சரிபண்ணலாம் என்றிருந்தேன். மூன்று ஞாயிறு போனது. நடுவில் ஒருமுறை அடித்துத் துவைத்தும்விட்டேன். நீங்கள் இணைத்தது இப்போது யார் வீட்டுப் பிள்ளையையோ மூடியிருக்கிறது.

குளிரால் மட்டும் வருவதில்லை, இது கிருமியால் வருவது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு ஆறவில்லை. நேற்று லயத்தில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம்.

கண் விழிக்கும்போதெல்லாம் "அப்பா எங்க?" என்றுதான் கேட்கிறாள். ஒப்பரேஷனுக்குக் கொண்டு போகுமுன் ஒருவர்தான் பக்கத்தில் நிற்கலாமாம். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். புதன் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நிஷாந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். பிள்ளையின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மா உங்களைப் பத்திரமாக அவளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பிரேமினி